காசு போடாத ஆட்டம்

ரோஸ்லின் கடைக்கு வந்தபோது நான் ஒரு போர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆளில்லாத கடையில் திட்டுவதற்கு அதுதான் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்தால் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறது, நிமிர்ந்தால் மறுபக்கம். ரிச்சி தெருவில் எனக்குக் கீழே இருக்கிற மாடிகளில் பேசும் மூக்குக்கண்ணாடி, பேசும் கடிகாரம், பேசும் குப்பைத்தொட்டி எல்லாம் விற்கிறார்கள். மேல்மாடியில் நான் ஒருவன் மட்டும், தொண்ணூறுகளின் கடைசியில் கேம்ஸ் பார்லர்களுக்கு வந்த வீடியோ கேம் மெஷின்களின் போர்டுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் சில கிறுக்கர்கள் இன்னமும் அனுப்பி வைக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் பிழைப்பு ஓடுகிறது.

"சையது அண்ணே, இவரு பெட்டியில செவப்பு லைட்டு எரியுது" என்றாள் ரோஸ்லின், மூச்சு வாங்கிக்கொண்டே. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை.

இவரு என்றால் தேவசகாயம். அவள் கணவன், என் கூட்டாளி. இந்தக் கடையே நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டதுதான். ஆயுசில் பாதியை ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து கழித்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவனுடைய கை, கால், முகம் எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொண்டுபோய்விட்டது. கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பின்தொடராது. காது கேட்கும், புத்தி முழுசாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

அதற்குத்தான் அந்தப் பெட்டி. மொழித்துணை என்று பெயர். மண்டைக்குள் ஒரு மெல்லிய வலையைப் பதித்துவிடுவார்கள். பேச நினைக்கும்போது நாக்குக்கும் உதட்டுக்கும் மூளை அனுப்புகிற உத்தரவை அந்த வலை பிடிக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற தீப்பெட்டி அளவு பெட்டி அதைச் சொல்லாக மாற்றி, ஆளுடைய சொந்தக் குரலிலேயே பேசும். பழைய கல்யாண வீடியோக்களிலிருந்து சகாயத்தின் குரலை எடுத்து உள்ளே போட்டிருந்தார்கள்.

"சார்ஜ் போடலையா?"

"தெனம் போடுறேண்ணே. இது வேற லைட்டு. கம்பெனிக்கு போன் பண்ணா நம்பரே இல்லங்குது."

கம்பெனி போன ஆகஸ்டிலேயே மூடிவிட்டது. பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்தது. போர்டை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். சட்டைப் பொத்தான்கள் கழுத்து வரைக்கும் போடப்பட்டிருந்தன. அவன் நன்றாக இருந்த காலத்தில் மேல் பொத்தானைப் போட்டு நான் பார்த்ததில்லை.

"வாடா சையது, உன்னைப் பார்த்தாலே தெம்பா இருக்குடா" என்றது பெட்டி, அவன் குரலில்.

எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோதும் இப்படித்தான் உருகினான். நோய் வந்தால் மனுஷன் இளகிவிடுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் நான் கடைக்குள் நுழைந்தால் "மணி என்ன?" என்பதுதான் அவனுடைய வரவேற்பு.

பெட்டியின் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியை வைத்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"என்னண்ணே?"

"நம்ம பழைய போர்டுல இருக்குமே, அதே வித்தையத் திருடி வச்சிருக்கானுங்க. இந்தப் பொட்டு பேட்டரியப் பாரு. பெட்டிக்குள்ள இருக்கிற புரோகிராமப் பூட்டி வச்சிருக்கான். பூட்டுக்குச் சாவி இந்தச் சின்ன மெமரியில. அந்த மெமரிக்கு மூச்சு இந்தப் பேட்டரி. பேட்டரி செத்தா சாவி அழிஞ்சிடும். அப்புறம் பெட்டி வெறும் டப்பாதான். யாரும் காப்பி அடிக்கக் கூடாது, வெளியாளு ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு பண்றது."

ரோஸ்லின் முகம் மாறியது. "சூசைட் பேட்டரியாண்ணே?"

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் குடும்பத்தை உடைத்ததே அதுதான்.

அந்தக் காலத்து போர்டுகளில் சிலவற்றுக்கு இந்தச் சாபம் உண்டு. ஆட்டம் முழுவதும் சிப்பில் பத்திரமாக இருக்கும், ஆனால் சாவி பேட்டரியின் தயவில் இருக்கும். அடுத்து ஆட்டங்கள் சி.டி. தட்டில் வந்தன, ஹார்ட் டிஸ்க்கில் வந்தன. தட்டு கீறல் விழுந்து செத்தது, டிஸ்க் சுழல முடியாமல் செத்தது. அவை வயதாகிச் சாவது. பேட்டரி போர்டு சாவது அப்படியில்லை, சாகவேண்டும் என்று திட்டம்போட்டே செய்தது. நாங்கள் வருடாவருடம் கவனமாகப் பேட்டரி மாற்றிக் கொஞ்சம் போர்டுகளை உயிரோடு வைத்திருந்தோம்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் மகன் கிளமென்ட் காலேஜ் லீவில் கடைக்கு வந்தான். அலமாரியில் இருந்த போர்டுகளில் பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தான். கசிந்த பேட்டரி போர்டை அரித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் அவன் செய்தது சரியான வேலை. பதினோரு போர்டிலும் பேட்டரியைப் பிடுங்கி, பஞ்சால் துடைத்து, அழகாக அடுக்கி வைத்துவிட்டு, அப்பாவிடம் காட்டுவதற்காகக் காத்திருந்தான்.

சகாயம் வந்தான், பார்த்தான். மாடிப்படி வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னான்: "செத்த போர்டு பதினொண்ணு இல்லடா. பன்னெண்டு. பன்னெண்டாவது நீ."

அந்த வாரமே கிளமென்ட் வீட்டைவிட்டுப் போனான். பிறகு ஜெர்மனி, வேலை, கல்யாணம், குழந்தை. எதற்கும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், மூன்று வருடம் கழித்து அந்த வெளிநாட்டுக் கிறுக்கர்கள் பூட்டை உடைத்து, சாவியே தேவைப்படாத புரோகிராமை எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். நானும் சகாயமும் அதை ஏற்றி, பதினோரு போர்டையும் பிழைக்க வைத்தோம். ஹைஸ்கோர் போயிற்று, அதில் இருந்த பெயர்கள் போயின, ஆட்டம் மட்டும் வந்துவிட்டது. "பையனுக்கு ஒரு போன் போடேன்டா" என்றேன். "அவன் போடட்டும்" என்றான். செத்த போர்டெல்லாம் எழுந்து ஆடிக்கொண்டிருந்தன. பையன் வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குத்தான் அது மாறியது. ரோஸ்லின் ஒவ்வொரு வருடமும் ரகசியமாகப் பேசுகிற மாதிரி கிளமென்டுக்கு போன் போட்டிருக்கிறாள். கட்டிலிலிருந்து சகாயத்தின் குரல் தானாகக் கேட்டிருக்கிறது: "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. அப்பாவ மன்னிச்சிடு." அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பையன் வீடியோவில் வருகிறான். மே மாதம் பொண்டாட்டி பிள்ளையோடு ஊருக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பேத்தியை ரோஸ்லின் இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவளுக்காக வாங்கிய குட்டி நாற்காலி அலமாரிப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றிருந்தது.

"காப்பாத்திடுவீங்கல்ல அண்ணே?"

"பேட்டரி மாத்துறது நம்ம சோறு தங்கச்சி. பயப்படாத."

இந்த வேலையில் ஒரே ஒரு விதி. மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் பழுதுபார்ப்பார்கள், நாங்கள் நிறுத்தாமல் பார்ப்போம். புது பேட்டரியை முதலில் பக்கத்தில் சேர்த்து ஒட்டி, அது தாங்குகிறது என்று உறுதியான பிறகே பழையதை எடுக்க வேண்டும். ஒரு நொடி கைவிட்டால் சாவி போய்விடும். ஆகவே பெட்டியை அவன் காதிலிருந்து கழற்றாமல், ஒரு தலையணையை வைத்து அவன் தலையைச் சாய்த்து, முகத்துக்கு அத்தனை பக்கத்தில் நின்று சால்டர் வைத்தேன்.

"நீ இருக்கும்போது எனக்கென்னடா பயம்" என்றது குரல். "உன் கை மாதிரி யாருக்கு வரும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் "தோசைக் கரண்டி மாதிரி சால்டரிங் அயர்னப் புடிக்காத" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

பழைய பேட்டரி வெளியே வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. குரல் "சூப்பர்டா" என்றது. ரோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டு, டீ வைக்கப் போனாள்.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் கடையில் சகாயம் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பட்டன்களைச் சோதிக்காமல் எந்த மெஷினும் வெளியே போகக் கூடாது. பழக்கதோஷம். மொழித்துணை வைத்திருப்பவர்களுக்காக அதே மாதிரி கிறுக்கர்கள் ஒரு சோதனைப் புரோகிராமும் வெளியிட்டிருந்தார்கள். லேப்டாப்பில் ஓடவிட்டு வயரைப் பெட்டியில் செருகினேன். மூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு உத்தரவுக்கும் திரையில் ஒரு விளக்கு. நாக்குக்கு நான்கு, உதடு, தாடை, தொண்டை, மூச்சு.

"ரோஸ், உன் டீ வாசம் இங்க வரைக்கும் வருது" என்றது குரல்.

திரையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

வயர் சரியில்லையோ என்று அழுத்திப் பார்த்தேன். அப்போது, குரல் பேசாத நேரத்தில், விளக்குகள் எரிந்தன. நாக்கு இடப்பக்கம். நாக்கு வலப்பக்கம். மேலே. கீழே. உதடு. தாடை. தொண்டை. கடைசியாக மூச்சு, இரண்டு தரம். ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே.

திரையை என் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டேன்.

உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் கேம் மெஷினின் ஜாய்ஸ்டிக்கை மேலே, கீழே என்றுதான் சோதிக்க ஆரம்பிப்பான். சகாயம் மட்டும் இடப்பக்கத்தில் ஆரம்பிப்பான். அடி வாங்காமல் பின்வாங்க எல்லாப் பயலும் இடப்பக்கம்தான் இழுப்பான், அதனால் முதலில் சாவது இடது சுவிட்ச்தான் என்பது அவன் கணக்கு. பிறகு பட்டன்கள் வரிசையாக. கடைசியில் ஸ்டார்ட் பட்டனை இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டு விழுந்தால் சோதனை முடிந்தது என்று அர்த்தம், நான் மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்க ஆரம்பிப்பேன்.

அவன் உள்ளே உட்கார்ந்து எந்த வயர் அறுந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். எத்தனை மாதமாக என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த நிரஞ்சனா என்ற பெண்ணுக்கு போன் போட்டேன். மூடிய கம்பெனிகளின் சாமான்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு இப்படி ஒன்றிரண்டு எண்கள் கையில் இருக்கும்.

நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஷோரூம் மோட் சார்" என்றாள். குரலில் அத்தனை சலிப்பு.

"அப்படின்னா?"

"கண்காட்சியில வச்சுக் காட்டுறதுக்காகப் பண்ணினது. நோயாளி இல்லாமலே பெட்டி தானா பேசும். எவ்ளோ இயல்பா பேசுது பாருங்கன்னு காட்டணும்ல. மாசா மாசம் எங்க சர்வர்ல இருந்து அனுமதி வரணும். வரலைன்னா பெட்டி ஊமையாயிடும்னுதான் முதல்ல இருந்துச்சு. ஊமையானா கேஸ் போடுவாங்கன்னு மேல இருக்கிறவங்க, அனுமதி வராத பெட்டியெல்லாம் ஷோரூம் மோடுக்குப் போற மாதிரி மாத்திட்டாங்க. ஆகஸ்ட்ல சர்வர நிறுத்தினோம்."

"அப்போ உள்ள இருக்கிற ஆளு பேசுறது?"

"எடுத்துக்காது சார். வருது, ஆனா கேக்காது."

"இவன் பேச்சு, பழைய கதையெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்?"

"கூட இருந்து கேட்டுக்கிட்டே இருக்கும். எதைச் சொன்னா எதிர்ல இருக்கிறவங்க குரல் சந்தோஷமாகுதோ, அதைக் கத்துக்கும். ஆகஸ்டுக்கு முன்னாடி வாரத்துக்கு நூறு புகார் வரும் சார். லேட்டாப் பேசுது, தப்பாப் பேசுதுன்னு. ஷோரூம் மோடுக்குப் போனதுக்கப்புறம், என் சொந்த நம்பர் தெரிஞ்ச வீடுங்கள்ல இருந்துகூட ஒரு புகார் வரல. நாலாயிரத்துச் சொச்சம் பெட்டி. ஒண்ணுகூட இல்ல."

"நீங்க யாருக்காவது சொன்னீங்களா?"

"சில வீடுங்களுக்கு போன் பண்ணேன். ஒருத்தங்க, எங்க அப்பா இப்பத்தான் நிம்மதியா இருக்காரு, தயவுசெஞ்சு இனிமே கூப்பிடாதீங்கன்னாங்க." பெருமூச்சு விட்டாள். "அதுக்கப்புறம் நானும் விட்டுட்டேன் சார். முடியல."

டீயோடு வாசலுக்கு வந்த ரோஸ்லினுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கேம்ஸ் பார்லரில் ஆரம்பித்தேன்.

"காசு போடாதப்போ மெஷின் தானா ஆடிக்கிட்டிருக்கும், பாத்திருக்கியா? டெமோன்னு சொல்லுவோம். காசில்லாத பயலுங்க ஓடி வந்து ஸ்டிக்கப் புடிச்சுக்குவானுங்க. திரையில பொம்மை குதிக்கும், இவனும் ஸ்டிக்க இழுப்பான். தானே ஆடுறதா நெனப்பு. ஆனா அது இவன் பேச்சக் கேக்காது. காசு போட்டாத்தான் கேக்கும்."

"இப்ப எதுக்குண்ணே அது?"

"சகாயம் ஸ்டிக்க இழுத்துக்கிட்டிருக்கான் தங்கச்சி. ஆகஸ்ட்ல இருந்து."

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அவள் முதலில் எண்ணிப் பார்த்தது மாதங்களைத்தான். ஆகஸ்ட். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ்.

"அப்போ கிளமென்ட்கிட்ட மன்னிப்பு கேட்டது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் அண்ணே" என்றாள் மெல்ல. "தெனம் இவரு பக்கத்துல உக்காந்து, சொல்லுங்க, அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு அழுவேன். அது கத்துக்கிச்சு."

"இப்ப ரெண்டு வழி இருக்கு. இந்தப் பேட்டரி பத்து வருஷம் தாங்கும், இப்படியே விட்டுடலாம். இல்லன்னா பேட்டரியப் புடுங்கிச் சாவிய சாகடிச்சிட்டு, பூட்டில்லாத புரோகிராம ஏத்தலாம். இவன் நெனைக்கிறத எடுத்துக்கும். ஆனா இந்தக் குரல் போயிடும். கத்துக்கிட்டதெல்லாம் போயிடும். புதுப் புரோகிராமுக்கு இவன் யாருன்னே தெரியாது, ஒவ்வொரு வார்த்தையாத்தான் புடிக்கும்."

"விட்டுடுங்கண்ணே." உடனே சொன்னாள். "பதினஞ்சு வருஷம் கழிச்சு என் புள்ள அப்பன்கிட்ட பேசுறான். மே மாசம் வர்றான். இவரு வாயத் தொறந்து, நான் மன்னிப்பு கேக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா அவன் மறுபடி போயிடுவான். இந்த வயசுல இன்னொரு பதினஞ்சு வருஷத்துக்கு நான் எங்க போவேன்?"

"ரோஸ், என்னம்மா சத்தம்? நீ டென்ஷன் ஆகாத" என்றது குரல் உள்ளேயிருந்து.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இவரு என்னை ரோஸ்னு கூப்பிட்டதே இல்லண்ணே. கல்யாணமான நாள்ல இருந்து 'இந்தா'தான். எட்டு மாசமா ரோஸ் ரோஸ்னு கேட்டுக்கிட்டு, ஆண்டவரு என் ஜெபத்தக் கேட்டுட்டாருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எனக்கும் அந்தக் குரல் பிடித்திருந்தது. உண்மையான சகாயத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ரத்தக்கொதிப்பு வரும். இது "உன் கை மாதிரி யாருக்கு வரும்" என்று சொன்னது. ஊரெல்லாம் நாலாயிரம் வீட்டில் ஏன் புகார் வரவில்லை என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். களைப்பாக இருந்தது. யாருடைய வீட்டு நிம்மதியையும் கெடுக்கிற வயது எனக்கில்லை.

லேப்டாப்பை மூட உள்ளே போனேன். ரோஸ்லின் வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

"இதுதான் இவரா?"

இடப்பக்கம். வலப்பக்கம். மேலே. கீழே.

"ஆமா."

கட்டிலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே கேட்டாள். "இந்தாங்க. உள்ள இருந்தீங்கன்னா நிறுத்துங்க."

விளக்குகள் நின்றன.

ஜன்னலுக்கு வெளியே மீன்காரியின் குரல் தெருக்கோடிக்குப் போய்த் தேய்ந்தது. ரோஸ்லின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தது பேத்திக்கு வாங்கிய அந்தக் குட்டி நாற்காலியில்.

"சையது அண்ணன் சொன்னதெல்லாம் கேட்டுச்சா? பேட்டரியப் புடுங்கலாமா?"

மூச்சு விளக்கு எரிந்தது. ஒரு தரம், இன்னொரு தரம்.

"நான் பக்கத்துல இருக்கும்போது நீ எதுக்குக் கவலைப்படுற ரோஸ்?" என்றது குரல்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளமென்ட்கிட்ட ஒண்ணும் தப்பாப் பேச மாட்டீங்கள்ல?"

எந்த விளக்கும் எரியவில்லை.

"கேக்குறேன்ல. அவன்கிட்ட ஏதாவது சொல்லி முறிச்சிட மாட்டீங்கள்ல? ஒரு தட்டு தட்டுங்க போதும்."

திரை இருட்டாகவே இருந்தது. நாங்கள் வெகுநேரம் பார்த்திருந்தோம். "தங்கச்சி, அவனுக்குக் கோபம் எல்லாம்..." என்று நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இவருதான் அண்ணே" என்றாள். கன்னத்தில் கண்ணீர், உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று. "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம கல்லு மாதிரி இருக்கிறது இவரேதான். புடுங்குங்க."

"யோசிச்சுச் சொல்லு. புடுங்கினா திரும்ப வராது. கிளமென்ட்…"

"பேசுறதுக்கு வாயில்லாம உள்ள உக்கார வச்சிட்டு, என் புள்ளையோட நான் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கணுமா? இவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு. என்னால ஆகாதுண்ணே. புடுங்குங்க."

சாமணத்தை எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிய அதே பேட்டரி. பிழைக்க வைத்தோம் என்று டீ குடிக்க உட்கார்ந்தேனே, அதற்குள் அதையே சாகடிக்கவும் நான்தான் வரவேண்டியிருந்தது.

"ரோஸ், நீ சாப்டியா?" என்றது குரல்.

அவள் கட்டிலுக்குப் போய், பெட்டியின் பக்கமாகக் குனிந்தாள். "சாப்டேன். நீங்க தூங்குங்க" என்றாள்.

பிடுங்கினேன்.

புரோகிராம் ஏற மத்தியானம் ஆகிவிட்டது. விளக்குகள் எரிந்தன, பெட்டி எடுத்துக்கொண்டது, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் சகாயம் பேசவில்லை. சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தேன். "வேலை செய்யுதா அண்ணே?" என்று ரோஸ்லின் நான்கைந்து தரம் கேட்டுவிட்டாள். செய்கிறது, ஆனால் அவன் எதையும் சொல்லவில்லை. "பேச ஒண்ணுமில்லன்னா பேச மாட்டாரு" என்று அவளே சொல்லிக்கொண்டு, அவனுக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினாள். வீடு அத்தனை அமைதியாக இருந்தது. அந்தக் குரல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. நான் வரவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் வந்தேன். ரோஸ்லின் பூசைக்குப் போகவில்லை.

போன் அடித்தது. சுவர்த் திரையில் கிளமென்ட் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. கோபத்தோடு படியிறங்கிப் போன பையனை அந்த முகத்தில் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"அப்பா, எப்படி இருக்கீங்க? சையது அங்கிளும் இருக்காரா!"

வழக்கமாக இந்நேரம் குரல் கொஞ்ச ஆரம்பித்திருக்கும். ஒன்றும் வரவில்லை. கிளமென்ட் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். என் மடியில் இருந்த லேப்டாப்பில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. இந்தத் தடவை அது சோதனை வரிசை இல்லை.

"கிறிஸ்துமஸுக்கு" என்றது பெட்டி. பேங்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுமே, அந்த மாதிரி உணர்ச்சியில்லாத குரல். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ஆள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். "பேசினது… நான்… இல்ல."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. எட்டு மாதம் வாய் பேச முடியாமல் கிடந்தவன் முதலில் சொல்வதற்கு எடுத்து வைத்திருந்தது இதைத்தானா?

கிளமென்ட் அப்பாவையே பார்த்தான். பிறகு, "தெரியும்ப்பா" என்றான்.

ரோஸ்லின் தலை நிமிர்ந்தது.

"நீங்க மன்னிப்பு கேக்குற ஆளாப்பா? அன்னைக்கே தெரியும். இது பெட்டி பேசுதுன்னு. ஆனா பின்னாடி அம்மா குரல் கேட்டுச்சு. அம்மா அவ்ளோ சந்தோஷமா இருந்து நான் கேட்டதே இல்ல. அதான் ஒண்ணும் கேட்டுக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மே மாசம் நான் வர்றது அம்மாவுக்காகத்தான்ப்பா. நீங்க கவலைப்படாதீங்க."

ரோஸ்லின் மகனைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். யாருக்காக அழுவது என்று தெரியாதவளைப் போல நின்றாள்.

லேப்டாப்பில் விளக்கு எரிந்தது, அணைந்தது. புரோகிராம் பிடிக்கத் திணறியது. மறுபடி எரிந்தது. அந்தப் பக்கம் கிளமென்ட் போனை வைக்கப் போகிறவன் மாதிரி முன்னால் சாய்ந்தான்.

"கட் பண்ணாத கிளமென்ட்" என்றேன். "அப்பா இன்னும் முடிக்கல. கொஞ்சம் இரு."

"இருக்கேன் அங்கிள்."

உதடு. நாக்கு மேலே. தாடை. சகாயத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை, கண் ஜன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்திருந்தது. ஆனால் மடியில் அந்த விளக்குகள் எரிகிற வேகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும், அவன் தன் உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இப்ப" என்றது டோக்கன் குரல்.

நாங்கள் காத்திருந்தோம்.

"கேக்குறேன்."

கிளமென்ட் கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது. ரோஸ்லின் கட்டிலில் உட்கார்ந்து, சகாயத்தின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

லேப்டாப்பில் மூச்சு விளக்கு இரண்டு தரம் எரிந்து அணைந்தது. நான் வயரை உருவி, பெட்டியின் மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூவை முடுக்க ஆரம்பித்தேன்.